மாசி பிற்பாதியும் பங்குனி முழுதும்

எதையும் காலம் பார்த்துச் செய்கிறவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. வேறு யாரும் வைக்காததால் நானே வைத்துக்கொண்ட பெயர். குடை வாங்கினால் கோடையில் வாங்குவேன். தீபாவளிச் சட்டையை ஆடியிலேயே தைக்கக் கொடுத்துவிடுவேன் (தீபாவளி வருவதற்குள் அது பிடிக்காமல் போய்விடும், அது வேறு விஷயம்). இப்படிக் காலம் பார்த்துப் பார்த்தே களைத்துப்போன ஒரு மனுஷன், கடற்கரைக்குப் போய்ப் பத்து நாள் தங்கிவர எது நல்ல மாதம் என்று தேடிய கதை இது. எங்கள் வீட்டில் இதை ஆயிரம் தடவை சொல்லியாகிவிட்டது. நான் இல்லாத சமயத்தில் சொல்லும்போது சில பொய்களும் சேர்ந்துகொள்கின்றன. ஆகையால் நானே ஒரு தடவை எழுதிவைத்துவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஐம்பதுகளின் பின்பாதி. எனக்கு இருபத்தேழு வயது. அறந்தாங்கியில் ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. எந்த ஆபீஸ் என்று சொல்லாமல் விடுவது, பின்னால் வரப்போகிற விஷயத்தை நினைத்தால், எல்லாருக்கும் நல்லது. கல்யாணமாகி மூன்றாவது வருஷம். மனைவி விசாலம் திருமயம் பக்கத்துக்காரி. கண்மாயைத் தவிர வேறு பெரிய தண்ணீரைக் கண்ணால் பார்க்காதவள். அந்த வருஷம் ஆவணியில் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, பதினோரு நாள் இருந்துவிட்டுப் போய்விட்டது. சிரிப்பதற்கு எழுதும் கட்டுரையில் இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லாவிட்டால், நான் ஏன் அத்தனை பெரிய முட்டாளாக இருந்தேன் என்பது உங்களுக்கு விளங்காது.

அதற்குப் பிறகு விசாலம் பேச்சைக் குறைத்துவிட்டாள். "சாப்பிட வாங்க", "பால்காரர் வந்துட்டாரு", "வெளக்குக்கு எண்ணெ இல்ல". ஒரு நாளைக்கு இவ்வளவுதான். தட்டில் போட்டுக்கொண்ட சோறு அப்படியே இருக்கும். அழுதால்கூட எனக்கு என்ன செய்வது என்று தெரிந்திருக்கும். அவள் அழவும் இல்லை. ஐப்பசி மாதம் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் நாடியைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. எடம் மாறுனா மனசு மாறும். பத்து நாள் கடல்காத்து வாங்கட்டும்" என்றார்.

வீட்டுக்குத் திரும்பி வரும்போது பாதி வழியில் விசாலம் கேட்டாள். "கடல்ல அலை இருக்கும்ல?"

இரண்டு மாதத்தில் அவளாகக் கேட்ட முதல் கேள்வி அது. நான் ரோட்டிலேயே நின்றுவிட்டேன். "அலையா? அலைக்கு என்ன பஞ்சம்? பனைமர ஒசரத்துக்கு வரும்" என்றேன். அறந்தாங்கியிலிருந்து கடல் பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். ஆனால் நான் அதுவரை அதைப் பார்த்ததில்லை. அந்த விவரத்தை அவளிடம் சொல்லவில்லை.

கடலுக்குப் போவதென்று முடிவாயிற்று. எப்போது போவது? இங்கேதான் குமாஸ்தா விழித்துக்கொண்டான். ஊர் வாசகசாலையில் பழைய இங்கிலீஷ் பத்திரிகை ஒன்று கிடந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி கடற்கரையில் பெரிய குடைக்குக் கீழே சாய்ந்து கிடந்தார்கள். கடற்காற்றில் அயோடின் என்று ஒரு சத்து இருக்கிறது, சரியான பருவத்தில் போனால்தான் அது முழுசாகக் கிடைக்கும் என்று எழுதியிருந்தது. அதைப் படித்த அன்றைக்கே ஒரு ஃபைல் திறந்தேன். அட்டையில் 'கடல்' என்று எழுதினேன். உள்ளே ஒரு பெரிய தாளில் சித்திரை முதல் பங்குனி வரை கோடு போட்டு, வெயில், மழை, காற்று, விசேஷம், ஆபீஸ் லீவு என்று பத்தி பிரித்தேன்.

சித்திரை வெயிலில் கடலென்ன, கிணற்றடிக்கே போக முடியாது. வைகாசியில் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் கல்யாணம், போகாவிட்டால் பேச்சு வரும். ஆனியில் காற்று மண்ணை அள்ளிக் கண்ணில் போடும். ஆடியில் புறப்படுவதென்றால் மாமனார் வீட்டில் சம்மதிக்கமாட்டார்கள். ஆவணி வேண்டாம், அதற்குக் காரணம் எழுதாமலே அடித்தேன். புரட்டாசியில் புழுக்கம், அதற்கப்புறம் தை பிறக்கும்வரை மழையும் வாடையும். தை முழுக்க ஆபீஸில் லீவு கிடையாது. மாசியிலும் பங்குனியிலும் கணக்கு முடிக்கும் வேலை. சிவப்பு மையால் அடித்துக்கொண்டே வந்து பார்த்தால் பன்னிரண்டு மாதமும் போய்விட்டது. கடலுக்குப் போகத் தகுதியான மாதம் வருஷத்தில் இல்லை என்று என் ஃபைல் தீர்ப்புச் சொன்னது.

விசாலம் தாளை எட்டிப் பார்த்தாள். "ஒரு மாசமும் தோதுப்படலையாக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்குப் பகீரென்றது.

நம் கணக்கெல்லாம் உதவாது, அந்த ஊர்க்காரரையே கேட்டுவிடுவோம் என்று தோன்றியது. மணமேல்குடிக்குத் தெற்கே கடலோரமாக ஒரு ஊர். (ஊர்ப் பெயரும் வேண்டாம்.) அந்த ஊர்க் கணக்கப்பிள்ளை மாதம் ஒரு தடவை எங்கள் ஆபீஸுக்கு வந்துபோவார். பெரியவர், நல்ல மனுஷர், எதைக் கேட்டாலும் செய்துகொடுப்பார். அவருக்கு ஒரு கார்டு போட்டேன். நான் போட்ட கார்டுகளுக்கு நகல் எடுத்து ஃபைலில் வைப்பது என் வழக்கம். அதனால் என் அவமானம் வார்த்தை பிசகாமல் இன்றுவரை பத்திரமாக இருக்கிறது.

'கணக்கப்பிள்ளை அவர்களுக்கு வணக்கம். தங்கள் ஊரில் நல்ல சீசன் எந்த மாதம் என்று தெரிந்தால் அதற்குத் தக்கபடி ஏற்பாடு செய்துகொள்ள உத்தேசம். வீட்டில் ஆசைப்படுகிறார்கள். உடன் பதில் எழுதவும்.'

குற்றாலத்துக்கு சீசன் உண்டு, கொடைக்கானலுக்கு சீசன் உண்டு. கடலுக்கும் இருக்கத்தானே வேண்டும்? கடலோர ஊருக்கு எழுதுகிற கார்டில் கடல் என்று தனியாக ஒரு வார்த்தை எழுதுவது வீண் என்று விட்டுவிட்டேன். ஆபீஸில் சுருக்கமாக எழுதிப் பழகிய கை.

நாலாம் நாள் பதில் வந்தது.

'தங்கள் கார்டு கிடைத்தது. மாசி பிற்பாதியும் பங்குனி முழுதும் அசல் சீசன். மதுரை, திண்டுக்கல் ஆட்களெல்லாம் வந்து இறங்கிவிடுவார்கள். கரையில் கால் வைக்க இடம் இராது. பிந்தினால் நயமானது கிடைப்பது கஷ்டம். எத்தனை வேண்டும் என்று எழுதினால் இப்போதே ஒதுக்கி வைக்கச் சொல்கிறேன்.'

மதுரையிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் வருகிறார்களாம். பக்கத்திலேயே இருந்துகொண்டு இது தெரியாமல் இருந்திருக்கிறோமே என்று வெட்கமாகிவிட்டது. நமக்குத் தங்க ஒரு அறை, ஸ்டவ் வைத்துச் சமைக்க ஒரு அறை. எங்கள் வீடு சுத்த சைவம், வெளியில் சாப்பிடுவது நடக்காது. ஆகவே எழுதினேன்.

'இரண்டு போதும். காற்றோட்டமாக இருக்கவேண்டியது முக்கியம். ஈரம் கூடவே கூடாது. மாசி இருபதாம் தேதி நேரில் வருகிறோம்.'

அவர் பதில் ஒரே வரி. 'அப்படியே. ஈரம் துளியும் இராது, நான் பொறுப்பு.'

கணக்கு முடிக்கும் காலத்தில் பத்து நாள் லீவு வாங்க, எங்கள் தலைமைக் குமாஸ்தாவிடம் என்ன பாடுபட்டேன் என்பதைத் தனியாக எழுதவேண்டும். "எந்த ஊருக்குய்யா?" என்றார். சொன்னேன். "மாசியிலயா?" என்றார். "சீசனுங்களே" என்றேன். அவர் முகம் உடனே மலர்ந்தது. "போய்ட்டு வாய்யா, நல்லா பாத்து வாங்கிட்டு வா" என்று கையெழுத்துப் போட்டார். காற்று வாங்குவதைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இருபதாம் தேதி காலையில் பஸ் ஏறினோம். படுக்கைச் சுருட்டு, ஸ்டவ், கூஜா, புளியோதரை மூட்டை, ஒரு பெரிய கறுப்புக் குடை. பத்திரிகையில் பார்த்த வெள்ளைக்காரனை உத்தேசித்து நான் ஒரு சோலாத் தொப்பி இரவல் வாங்கியிருந்தேன். வேஷ்டிக்கு மேல் அந்தத் தொப்பி எப்படி இருந்திருக்கும் என்று இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. விசாலம் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஊர் நெருங்க நெருங்க ஒரு வாசனை ஆரம்பித்தது. முதலில் லேசாக. பிறகு பஸ்ஸுக்குள் ஒரு ஆள் ஏறி உட்கார்ந்துகொண்டது போலக் கனமாக.

விசாலம் முந்தானையை மூக்கில் வைத்தாள். "ஏங்க, இது கருவாட்டு வாசன மாதிரி இல்ல?"

"கருவாடு எங்கிட்டு வந்துச்சு? இதுதான் அயோடின்."

"அயோடினா?"

"கடல்காத்துல இருக்க சத்து. டாக்டர் சொன்னாரே. மூக்க மூடாத, நல்லா இழுத்து விடு."

அவள் சொன்னபடி முந்தானையை எடுத்துவிட்டு மூச்சை இழுத்து விட்டாள். இழுத்து, விட்டு, இழுத்து, விட்டு, பாவம், இரண்டு மைல். நானும் கூடச் சேர்ந்து இழுத்தேன். சத்து உள்ளே இறங்குகிறது என்று பொறுத்துக்கொண்டேன்.

பஸ் நின்ற இடத்தில் கணக்கப்பிள்ளை காத்திருந்தார். எங்கள் இரண்டு பேரையும், சாமான்களையும், முக்கியமாகத் தொப்பியையும் பார்த்தவர் கொஞ்சம் திகைத்தார். ஆனாலும் மரியாதை தெரிந்த மனுஷர்.

"வாங்க ஸார், வாங்க. அம்மாவையும் கூட்டியாந்துட்டீங்களா? அதுவும் சரிதான். பொம்பளையாளுக நேர்ல பாத்தாத்தான் திருப்தியா இருக்கும்."

"எல்லாம் தயாரா?" என்றேன்.

"பத்து நாளாச்சே ஒதுக்கி. எத்தனையோ பேரு வந்து கேட்டாக, குடுக்கலையே. ஆபீசு ஸாருக்குன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"ரெண்டும் பக்கத்துப் பக்கத்துலதானே?"

"பக்கத்துல என்ன ஸார், ஒண்ணுமேல ஒண்ணு."

மாடி! நான் விசாலத்தின் பக்கம் குனிந்து, "மாடி வீடு" என்று மெல்லச் சொன்னேன். கடலைப் பார்த்த மாடி. இத்தனையும் என் ஒரு கார்டில் நடந்திருக்கிறது.

"காத்தெல்லாம் நல்லா வருமா?"

"காத்தாடத்தான் போட்டிருக்கு. நீங்க எழுதிருந்தீகளே."

"நாங்க பத்து நாள்தான் வச்சுக்கிடுவோம்."

"பத்து நாளென்ன ஸார், ஆறு மாசம் வச்சுக்கிடுங்க. ஒண்ணும் ஆகாது."

இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனுஷரா என்று மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டேன். அவர் முன்னால் நடந்தார். ஒரு சந்து திரும்பியதும் கரை தெரிந்தது. கால் வைக்க இடம் இராது என்று அவர் எழுதியது முழு உண்மை. கண்ணுக்கு எட்டியவரை மணல் தெரியவில்லை, மீன்தான் தெரிந்தது. காரல், சூடை, திருக்கை, இன்னும் பெயர் தெரியாதவை எல்லாம் வெயிலில் வரிசை வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. மதுரை ஆட்களும் திண்டுக்கல் ஆட்களும் அங்கங்கே குந்தி உட்கார்ந்து மீனை ஒடித்துப் பார்த்து விலை பேசிக்கொண்டிருந்தார்கள். யாரும் குடைக்குக் கீழே சாய்ந்து கிடக்கவில்லை.

கணக்கப்பிள்ளை ஒரு கீற்றுக் கொட்டகைக்குள் போய்ப் பெருமையாகக் கையை நீட்டினார். உள்ளே பனையோலையில் கட்டிய இரண்டு சிப்பங்கள், என் இடுப்பளவு உயரம், ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன.

"நீங்க எழுதுன மாதிரியே ரெண்டு" என்றார். "மேல இருக்கது சூடை, கீழ இருக்கது காரல். ஈரம் இருக்கான்னு கையவிட்டுப் பாருங்க."

நான் கையை விடவில்லை. கூஜா கையிலிருந்து விழுந்து உருண்டு சிப்பத்தில் போய் முட்டி நின்றது.

"ஸார், தங்குற எடம்..." என்று என் குரல் எங்கேயோ தூரத்தில் கேட்டது.

"தங்குற எடமா? தங்கவா வந்தீக?" என்றார் அவர். "ஆபீசுலேர்ந்து யாரு சீசன் எப்பன்னு கேட்டாலும் இதுக்குத்தானே ஸார்? இத்தன வருசமா அப்படித்தானே?"

அவர் மேல் தப்பே இல்லை. எங்கள் ஆபீஸில் சீசன் என்ற வார்த்தைக்கு இருபது வருஷமாக ஒரே அர்த்தம்தான் இருந்திருக்கிறது. சைவக்காரன் என்பதால் என்னிடம் யாரும் சொல்லவில்லை.

நான் விசாலத்தைத் திரும்பிப் பார்க்கப் பயந்தேன். ஆறு மாதமாகச் சோறு இறங்காமல் இருக்கிறவள். காலம் பார்த்து, கோடு போட்டு, ஃபைல் வைத்து, கடைசியில் கருவாட்டுக் கொட்டகையில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். இப்படிப்பட்ட ஒருவனை நம்பி எப்படிக் காலம் தள்ளுவது என்று அவள் நினைத்தால் அது நியாயம்தான். அந்த நிமிஷத்தில் எனக்கு அப்படி ஒரு அலுப்பு வந்தது. அங்கேயே, அந்தச் சிப்பத்தின் மேலேயே, உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது.

"அந்தக் கார்டக் குடுங்க" என்றாள் விசாலம்.

"எந்தக் கார்டு?"

"நீங்க எழுதுன நகலு. ஃபைலத்தான் கூடவே கொண்டாந்திருக்கீங்களே."

கொண்டுவந்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். அவள் ஒரு கையால் முந்தானையை மூக்கில் பிடித்துக்கொண்டு, மறு கையில் தாளைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் படிப்பது போல நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்.

"இரண்டு போதும்."

சிப்பத்தைப் பார்த்தாள்.

"காற்றோட்டமாக... இருக்கவேண்டியது... முக்கியம்."

முந்தானைக்குள் ஏதோ சத்தம் கேட்டது. இருமுகிறாள் என்று நினைத்தேன். ஃபைலைப் புரட்டி, முதல் கார்டின் நகலில் "வீட்டில் ஆசைப்படுகிறார்கள்" என்ற வரிக்கு வந்தபோது முந்தானை நழுவிவிட்டது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். என் தொப்பியைப் பார்த்தாள், மறுபடி சிரிப்பு. "மாடி வீடு" என்று சொல்ல ஆரம்பித்து முடிக்க முடியாமல் கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். "அயோடின்" என்றாள். கணக்கப்பிள்ளை என்ன விஷயம் என்று புரியாமலே கூடச் சேர்ந்து சிரித்தார். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. வந்த தண்ணீர் பிறகு நிற்கவில்லை. சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது. ஆவணியிலிருந்து வராத அழுகை மாசியில் ஒரு கருவாட்டுக் கொட்டகையில் வந்தது. நான் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். எனக்கும் கண் கலங்கியது. வாசனையினால் என்று சொல்லிக்கொண்டேன்.

விஷயம் விளங்கியதும் கணக்கப்பிள்ளை பதறிப்போனார். தன் வீட்டு முன்கட்டை அவசரமாக ஒழித்துக் கொடுத்தார். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடலாம் என்று நான் சொன்னேன். "அலையப் பாக்காமயா?" என்றாள் விசாலம். வெயில் தாழ்ந்ததும் கடலைப் பார்க்கப் போனோம்.

கடல் இருந்தது. அலை இல்லை. ஒன்று கூட இல்லை. ஆவுடையார்கோவில் கண்மாய் இதைவிடத் துள்ளும். தண்ணீர் கரையை லேசாகத் தொட்டுவிட்டுச் சும்மா கிடந்தது. மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாளிடம் விசாலம் கேட்டாள். "அலை எப்ப வரும்?"

அந்த அம்மாளுக்குக் காளியம்மா என்று பெயர். நிமிர்ந்து பார்த்தாள். "அலையா தாயி? இது பொண்ணு கடலு. அலை அடிக்காது. வாடையில வந்தா கொஞ்சம் ஆடும்."

வாடைக்காலம் முழுவதையும் நான் சிவப்பு மையால் அடித்திருந்தேன். இந்தக் கடலில் அலை வரக்கூடிய மாதங்களாகப் பார்த்து அடித்திருக்கிறேன்.

மிச்சமிருந்த மானத்தையாவது காப்பாற்றலாம் என்று, "அலை இல்லாட்டி என்ன, கழுத்தளவு தண்ணியில குளிக்கலாம்" என்று சொல்லி வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். நடந்தேன். கணுக்கால். இன்னும் நடந்தேன். முழங்கால். அரை பர்லாங்கு போயிருப்பேன், தண்ணீர் முழங்காலைத் தாண்ட மறுத்தது. திரும்பிப் பார்த்தால் கரையில் விசாலம் விரல் உயரத்துக்குத் தெரிந்தாள். பக்கத்தில் ஒரு வள்ளத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் என் தொப்பியைக் கவலையோடு பார்த்தார்கள்.

"ஸார் சர்வேயா?" என்றார் ஒருவர். "கடலுக்கும் பட்டா போடப் போறாகளா?"

பதில் சொல்லத் திரும்பியபோது இடது கால் சேற்றில் தொடைவரை இறங்கிவிட்டது. அந்த இரண்டு பேரும் வந்து கக்கத்தில் கைகொடுத்து என்னைப் பிடுங்கி எடுத்தார்கள். தொப்பி மிதந்து போயிற்று. அதன் சொந்தக்காரருக்கு நான் என்ன சமாதானம் சொன்னேன் என்பது இங்கே வேண்டாம்.

சேறும் தண்ணீருமாகக் கரைக்கு வந்தால், விசாலம் காளியம்மாவின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தாள். காளியம்மா கையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். "பிள்ளை எத்தன தாயி?"

இந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டுவிடக் கூடாது என்று ஆறு மாதமாக ஊரையெல்லாம் கண்ணால் மிரட்டிக்கொண்டிருந்தவன் நான். ஓடிப்போய்த் தடுக்க முடியாதபடி காலில் சேறு.

"ஒண்ணு" என்றாள் விசாலம். "தங்கல."

"எனக்கு ரெண்டு தங்கல" என்றாள் காளியம்மா. "மூத்தது இருந்தா ஒன் வயசிருக்கும். அங்கிட்டுக் காக்கா எறங்குது பாரு, அந்தக் கொடைய எடுத்து வெரட்டு."

அவ்வளவுதான். ஆறுதல் ஒரு வார்த்தை கிடையாது. விசாலம் எழுந்து எங்கள் கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு காக்கையை விரட்டப் போனாள். முட்டை விழுந்த தெருவில்கூட நடக்காத வீட்டுப் பெண், மீன் வரிசைகளுக்கு நடுவே குடையை மூடியும் திறந்தும் 'உஸ் உஸ்' என்று அங்கிட்டும் இங்கிட்டும் ஓடினாள். அன்று சாயங்காலம் ஸ்டவ்வில் ரசம் வைத்து, இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். நான் சாப்பிடவில்லை. மூக்கைச் சுற்றித் துண்டைக் கட்டியிருந்ததால் வாய் திறக்க வழியில்லை.

"நாளைக்குக் கெளம்பிருவோம்" என்றேன் துண்டுக்குள்ளிருந்து.

"பத்து நாள் லீவுல்ல போட்ருக்கீங்க?" என்றாள். "காளியம்மாக்கா காலையில வரச் சொல்லிருக்காக."

பத்து நாளும் இருந்தோம். தினம் காலையில் அவள் குடையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போவது போலக் கிளம்பிவிடுவாள். மூன்று நாளில் காக்கைகளுக்கு அவளை அடையாளம் தெரிந்துவிட்டது. நான் முன்கட்டில் படுத்தபடி அயோடினைச் சுவாசித்தேன். இடம் மாறவேண்டும் என்று டாக்டர் சொன்னது யாருக்கு என்ற சந்தேகம் வரும் அளவுக்கு இளைத்துப்போனேன்.

திரும்பும்போது கணக்கப்பிள்ளை சிப்பங்களை விடவில்லை. "உங்களுக்குன்னு ஒதுக்குனத எப்படி ஸார் வேற ஆளுக்குக் குடுக்கிறது?" என்று பஸ் மேலே ஏற்றிக் கட்டிவிட்டார். அறந்தாங்கியில் அவற்றை எங்கே வைப்பது? சைவ வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது. நேராக ஆபீஸுக்குப் போய், வராந்தாவில் இறக்கினேன். தலைமைக் குமாஸ்தா வெளியே வந்தார். சிப்பத்தைச் சுற்றி வந்தார். ஒன்றை இழுத்து ஒடித்துப் பார்த்தார்.

"சைவக்காரன்னு உன்னச் சாதாரணமா நெனச்சிட்டேன்யா" என்றார். "இவ்வளவு நயமா இதுவரைக்கும் எவனும் கொண்டாந்ததில்ல."

அத்தோடு என் தலையெழுத்து நிலைத்துவிட்டது. ரிட்டயர் ஆகும்வரை, எத்தனை தலைமைக் குமாஸ்தாக்கள் மாறினாலும், மாசி பிறந்ததும் சீசன் விசாரித்துக் கார்டு போடும் வேலை எனக்குத்தான். நாக்கில் ஒரு துண்டு பட்டதில்லை. ஆனால் சூடைக்கும் காரலுக்கும் ஈரம் பார்ப்பதில் அந்த ஜில்லாவில் என்னை மிஞ்சியவர் இல்லை என்று பெயர் வாங்கினேன். இது நானே வைத்துக்கொள்ளாத பெயர்.

இரண்டு வருஷம் கழித்து எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். அதற்குப் பின் ஒரு பையன். பிள்ளைகள் பெரியவர்களாகி, ஒரு தடவை மெட்ராஸில் விசாலத்துக்கு அலையைக் காட்டினார்கள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். "என்னங்க இது, ஓயாம சத்தம் போடுது. நம்ம கடல் தேவலாம்" என்று திரும்பிவிட்டாள்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் எதற்கும் நல்ல காலம் எது என்று கேட்க முடியாது. மாம்பழமானாலும், கல்யாணமானாலும், கேட்ட மறு நிமிஷம் உள்ளேயிருந்து "சீசன் எப்பன்னு கேட்டு எழுதுங்க" என்று ஒரு குரல் வரும். பிள்ளைகள், பேரன் பேத்திகள், போன வருஷம் ஒரு பேத்தியைக் கட்டிக்கொண்ட புது மாப்பிள்ளை வரை எல்லாருக்கும் இது பாடம். போன வாரம் பேத்தி எங்கேயோ கடற்கரையில் அறை எடுத்துத் தங்கப் போகிறாளாம், "தாத்தா, எந்த மாசம் போனா நல்லது?" என்று தெரியாமல் என்னிடம் கேட்டுவிட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து விசாலம், "ரெண்டு போதும்னு எழுதச் சொல்லு. காத்தோட்டமா இருக்கட்டும்" என்றாள்.

அப்புறம் முழுக் கதையும் நடந்தது. தொப்பி, மாடி, அயோடின், பட்டா, ஒன்றும் பாக்கியில்லை. எனக்கு இந்தக் கதை அலுத்து நாற்பது வருஷமாகிறது. நான் உட்கார்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டேன். அவள் அந்த 'வீட்டில் ஆசைப்படுகிறார்கள்' என்ற இடத்துக்கு வந்து, எப்போதும் போல மேலே சொல்ல முடியாமல் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத்தான் எழுந்தேன்.